ஐந்து மீட்டர் பிழை

எஸ்.பி. ரோட்டில், நஸீர் கடையில்,
சார்ஜர் வயர்களுக்கு அடியில் கிடந்தது.
மஞ்சளும் கறுப்புமாய், ஒரு சோப்புக்கட்டி கனத்தில்.
ஓரத்து ரப்பர் கடிபட்டதுபோல் உரிந்திருந்தது.
ஆயிரத்து எண்ணூறு என்றார்.
ஆயிரத்து முந்நூறுக்கு, பேட்டரி இரண்டோடு, கொடுத்தார்.

"எல்லாம் போன்லயே இருக்கே" என்றான் திவாகரன்.
இருக்கிறது.
போனில் ஆபீஸும் இருக்கிறது.
இதில் யாரும் என்னைக் கூப்பிட முடியாது.
வலப்பக்கம் திரும்பு என்று சொல்லவும்
இதற்கு வாயில்லை.
ஓர் அம்பு, ஓர் எண், அவ்வளவுதான்.
அம்புக்குச் சுவர் தெரியாது, சாக்கடை தெரியாது,
மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளம் தெரியாது.
முந்நூற்று இருபது மீட்டர் என்று அது சொன்னதை
நான் இரண்டு கிலோமீட்டர் நடந்து முடித்தேன்.

பழைய ஆள் எதையும் அழிக்கவில்லை.
முப்பத்தொரு புள்ளிகள்.
ஆங்கில எழுத்தில் தமிழ்:
வீடு. டீ. பாறை. நாய். தைலமரம்.
பிறகு, மூச்சு.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொன்றாய்ப் போனேன்.
டீ இப்போது செல்போன் உறை விற்கிறது.
நாய் இருந்தது.
அதே நாயா, அதன் வம்சமா,
துரஹள்ளிக் காட்டு வாசலில்
ஒற்றைக் காதைத் தூக்கிப் பார்த்துவிட்டு
என்னை ஒரு பொருட்டாக மதிக்காமல் தூங்கப் போனது.

மூச்சு, பாறை ஏற்றத்தில் முக்கால்வாசி.
எனக்கு அங்கே மூச்சு வாங்கவில்லை.
பொய் சொல்வானேன், கொஞ்சம் கர்வம் வந்தது.
கீழே கனகபுரா ரோடு, தண்ணீர் லாரிகள்,
கட்டி முடியாத மாடிகளில் பச்சை வலை.
காற்றைத்தான் அப்படி எழுதினாரோ என்றுகூட
நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது மூச்சு2.
ஏற்றம் தொடங்கும் இடம்.
மூச்சு3, சமதரை.
மூச்சு4.
அங்கே நின்றுதான் தேதிகளைப் பார்த்தேன்.
பிப்ரவரி. ஜூன். ஆகஸ்ட் கடைசி. அக்டோபர்.
வாசலிலிருந்து தூரம்:
ஆயிரத்து நானூறு. எழுநூறு. இருநூற்றைம்பது. தொண்ணூறு.

ஒவ்வொரு பெயருக்கும் அந்தக் குட்டிக் குமிழை
எழுத்து எழுத்தாய் நகர்த்தி
அமுக்கியிருக்க வேண்டும்.
ஒரு நிமிஷமாவது ஆகும்.
அந்த ஒரு நிமிஷம் அவருக்குத் தேவைப்பட்டிருக்கும்.

நஸீரிடம் போய்க் கேட்டேன்.
"மூட்டையா வருது மேடம், எடைக்கு எடுக்கறோம்.
அழிக்கணுமா? ஒரு பட்டன்தான்" என்று
கையை நீட்டினார்.
பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டேன்.

வீடு எங்கே என்று இதற்குத் தெரியும்.
காட்டு வாசலிலிருந்து நேர்கோட்டில்
எட்டு கிலோமீட்டர், வடகிழக்கு.
ஒருநாள் ஜெயநகர் வரை போனேன்.
அம்பு ஒரு சந்துக்குள் காட்டியது. நூற்றுப்பத்து மீட்டர்.
யாரோ பால்கனியில் போர்வை உதறிக்கொண்டிருந்தார்கள்.
பேட்டரி தீர்ந்துவிட்டது என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மூச்சு5, நவம்பர் பதினேழு.
வாசலுக்கு வெளியே, இளநீர் வண்டி நிற்கும் இடம்.
முப்பத்தொன்றில் கடைசி.
பிழை ஐந்து மீட்டர் வரை என்று காட்டுகிறது. அதாவது
இந்த வண்டியாக இருக்கலாம்,
அந்தப் புங்கமரமாக இருக்கலாம்,
கால் உடைந்து கல் முட்டுக் கொடுத்த
இந்த நீல ஸ்டூலாகவும் இருக்கலாம்.
உட்கார்ந்தேன்.
மடியில் அது வானத்தை எண்ணிக்கொண்டிருந்தது:
ஏழு செயற்கைக்கோள், எட்டு, மறுபடி ஏழு.
"நீர் பேக்கா, கஞ்சி பேக்கா?" என்றார் வண்டிக்காரர்,
கத்தியை ஓங்கியபடி.
ஒந்து நிமிஷ, என்றேன்.